செம்பா ஏற்றத்தில் ஒரு மூக்கு

கெந்திங் செம்பா மலைக்கு ஏறும் பழைய சாலையில், முதல் கொண்டை வளைவைத் தாண்டியதும் சிவேந்திரனின் மூக்கு ஒழுகத் தொடங்கியது.

முதலில் இடது பக்கம் மட்டும்தான். டிசம்பர் மழை விடியலிலிருந்தே தூறிக்கொண்டிருந்தது. மூங்கில் காட்டுக்குள்ளிருந்து வந்த காற்று ஈர ஜெர்சிக்குள் புகுந்து வெளியேறியது. அவனுக்கு முன்னால் பாலசுந்தரம் நிதானமாக சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார். சுகாதாரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அவன் கட்டிக்கொள்ள விரும்பும் ஜனகாவின் அப்பா. அவர் சரி என்று சொன்னால் தை பிறந்ததும் நிச்சயதார்த்தம்.

மூக்கு ஒழுகுவது உலகத்தில் பெரிய விஷயமில்லை. அந்த வீட்டில் பெரிய விஷயம்.

"அப்பா எதுக்கு உன்னை சைக்கிள்ல கூட்டிட்டுப் போறாரு? உடம்பப் பாக்கத்தான்," என்று ஜனகா முந்தைய நாளே போனில் சொல்லியிருந்தாள். "எங்க வீட்டுல ஜாதகமெல்லாம் அப்புறம். மொதல்ல பரம்பரை வியாதி விசாரிப்பாங்க. அக்காவுக்கு வந்த நல்ல சம்பந்தம். மாப்பிள்ளையோட பெரியப்பா தேவாரம் பாடறப்போ மூக்க உறிஞ்சினாரு. அப்பா வேணாம்னுட்டாரு."

"அதுக்காகவா?"

"'சைனஸ் குடும்பம்'னாரு. பேரப்பிள்ளைங்க வரைக்கும் வருமாம். முடிஞ்சது லா."

"எனக்குத்தான் சைனஸே இல்லையே?"

"அத நீ சொன்னா இருக்குன்னு நெனப்பாரு. அவர் முன்னால மூக்குல கை வைக்காத. அது போதும்."

"நீ கவலைப்படாத. நான் பாத்துக்கிறேன்."

அவன் அப்படிச் சொன்னால் பார்த்துக்கொள்வான். கிள்ளானை அடுத்த மேருவில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. குறையுள்ள ஒரு மூடிகூட அவன் கண்ணைத் தப்பி லோரி ஏறியதில்லை. சொந்த மூக்கு எம்மாத்திரம்?

ஜெர்சியின் பின்பையிலிருந்து ஒரு டிஷ்யூவை உருவித் துடைத்தான். மழையில் ஊறி அது கஞ்சியாகியிருந்தது. பாதி மூக்கில் ஒட்டிக்கொண்டது, மீதி மீசைக்குப் போனது.

பக்கத்தில் தம்புசாமி மூச்சு வாங்கியபடி வந்து சேர்ந்தார். பிரிக்பீல்ட்ஸில் புடவைக் கடை வைத்திருப்பவர். பாலசுந்தரத்தின் நண்பர், இந்தச் சம்பந்தத்தைப் பேசிக்கொண்டிருப்பவரும் அவரே.

"என்ன தம்பி, கீழ கெளம்பறப்போ மீசை கறுப்பாத்தானே இருந்துச்சு? ஏத்தம் அவ்வளவு கஷ்டமா?"

சிவேந்திரன் அவசரமாகத் தேய்த்து உதிர்த்தான். டிஷ்யூ வேண்டாம், இனி உறிஞ்சிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தான். அதில் கை தேவையில்லை, தடயமும் இல்லை. ஒரே இழுப்பு. மூக்கு காலியானது. மலைச்சாலையின் அமைதியில் அந்தச் சத்தம் மட்டும் தனியாக நின்றது.

"என்ன சத்தம் அது?" பாலசுந்தரம் திரும்பாமலே கேட்டார்.

"செயின் அங்கிள். எண்ணெய் போடணும்."

பாலசுந்தரம் கையைத் தூக்கினார். எல்லோரும் நின்றார்கள். நாற்பது ஆண்டுகள் ஓட்டல் சமையலறைகளைக் குனிந்து பார்த்த மனிதர், இப்போது சைக்கிள் செயினைக் குனிந்து பார்த்தார். விரலால் தொட்டார், முகர்ந்தார்.

"எண்ணெய் நல்லாத்தான் இருக்கு."

"நின்னா சத்தம் வராது அங்கிள். ஏறும்போதுதான்."

"அப்ப என் பக்கத்துலயே வா. எங்கேருந்து வருதுன்னு கேப்போம்."

அதன்பின் அவர் காதை அவன் பக்கம் சாய்த்துக்கொண்டே ஏறினார். உறிஞ்ச வழியில்லை. வலது மூக்கும் சேர்ந்துகொண்டது. ஏற்றத்தில் மனிதன் ரொம்பத் தனியாகிவிடுகிறான். பக்கத்தில் யார் வந்தாலும் அவனவன் மூச்சு, அவனவன் பாரம். சிவேந்திரனுக்கு அன்று பாரம் மேல் உதட்டில் வந்து நின்றது.

கழுத்தில் சுற்றியிருந்த துணியை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டான்.

"குளிருதா தம்பி?"

"இல்ல அங்கிள். லோரிப் புகை."

பாலசுந்தரம் முன்னும் பின்னும் பார்த்தார். காட்டுச் சாலையில் ஒரு குரங்குதான் உட்கார்ந்திருந்தது.

"லோரியெல்லாம் மேல ஹைவேலதான் போகும்."

"அங்கேருந்து எறங்கி வருது அங்கிள்," என்றான் உறுதியாக. ஆனால் துணி நனைந்து மூக்கோடு ஒட்டி, மூச்சு நின்றுபோகும் நிலை வந்தது. துணியைக் கீழே இறக்க வேண்டியதாயிற்று.

இதையெல்லாம் பின்னாலிருந்து பார்த்த தம்புசாமி, சத்தமில்லாமல் ஒரு சின்ன பாட்டிலை நீட்டினார். பச்சை நிறத் தைலம்.

"மூக்குக்குக் கீழ ஒரு சொட்டு. கப்புனு அடங்கிரும்."

சிவேந்திரன் கையுறையில் ஊற்றித் தடவினான். உண்மையிலேயே அடங்கியது. வெற்றியோடு நெற்றி மழைநீரைத் துடைத்தான், அதே கையுறையால். அடுத்த நொடி இரண்டு கண்களும் பற்றி எரிந்தன. மூக்கு, தன் தோழர்களுக்கு ஆதரவாக மறுபடி திறந்துகொண்டது.

"அழறியா தம்பி?"

"காடு ரொம்ப அழகா இருக்கு அங்கிள்."

பாலசுந்தரம் காட்டை ஒருமுறை பார்த்தார், அவனை ஒருமுறை பார்த்தார். பிறகு மிதித்தார். அந்தப் பார்வையை அங்கீகாரம் என்றே சிவேந்திரன் எடுத்துக்கொண்டான்.

உச்சியில் சாப்பாட்டுக் கடை தெரிந்ததும், "முகம் கழுவிட்டு வரேன்" என்று முதல் ஆளாகக் கழிப்பறைக்குள் பாய்ந்தான். மேசையில் நேருக்கு நேர் உட்கார வேண்டும். இனி துடைப்பதும் மறைப்பதும் உதவாது, ஒழுகுவதையே நிறுத்த வேண்டும். தொழிற்சாலையில் பழகிய மூளை வழியைக் காட்டியது. கசிவு என்றால் அடைப்பு.

இடுப்புப் பையில் இயந்திரக் கூடத்தில் சத்தத்துக்குக் காதில் வைக்கும் ஆரஞ்சு நிறப் பஞ்சு அடைப்பான்கள் இரண்டு இருந்தன. புதியவை. விரலால் உருட்டிச் சுருக்கி உள்ளே வைத்தால், தானே விரிந்து இடத்தை நிறைத்துக்கொள்ளும். காதுக்குச் செய்வது மூக்குக்குச் செய்யாதா? துளைக்கு ஒன்றாக உள்ளே தள்ளினான். கண்ணாடியில் தலையைத் தூக்கிப் பார்த்தான். ஆரஞ்சு நிறம் துளிகூட வெளியே தெரியவில்லை. தரம் உறுதி.

மேசையில் நாசி லெமாக் சோறும் தே தாரேக் தேநீரும் வந்திருந்தன. சாப்பிடத் தொடங்கிய பிறகுதான், வாயால் மூச்சு விடுகிறவனால் மென்று தின்ன முடியாது என்பது அவனுக்குப் புரிந்தது. ஒரு வாய் மென்றான், நிறுத்தினான், மூச்சு விட்டான், மறுபடி மென்றான்.

"நிதானமாச் சாப்பிடுறியே, நல்ல பழக்கம்," என்றார் பாலசுந்தரம்.

"ஆபா அங்கிள்."

"என்னது?"

மூக்கடைப்பில் 'ஆமா' வராது என்று தெரிந்ததும் சிவேந்திரன் பேச்சை நிறுத்திவிட்டுப் புன்னகைத்தான். வாய் திறந்த புன்னகை. மூச்சுக்கும் உதவியாக இருந்தது.

எதிரே தம்புசாமி கைக்குட்டையை விரித்து, லோரி ஹாரன் போல் மூக்கைச் சிந்தினார். பாலசுந்தரமும் கட்டம் போட்ட கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தட்டு வைக்க வந்த கடைக்கார அக்காகூட முழங்கையால் மூக்கைத் தேய்த்தாள். அவர்கள் ஒழுகலாம், அவர்களுக்கெல்லாம் கல்யாணமாகிவிட்டது என்று சிவேந்திரன் நினைத்துக்கொண்டான்.

பாலசுந்தரம் அவன் மூக்கையே பார்த்தார். முதலில் நேராக, பிறகு தே தாரேக் கிளாசுக்கு மேலாக, பிறகு தலையைச் சாய்த்து. சிவேந்திரன் முகத்தை நன்றாகத் தூக்கிக் காட்டினான். ஒரு சொட்டு இல்லை. பாலைவனம்.

இறங்கும்போதும் அப்படியே. முகத்தில் அடித்த காற்றில் மற்ற இருவரும் மாறி மாறித் துடைத்தார்கள். அவன் இரு கைகளாலும் கைப்பிடியைப் பிடித்து, நிமிர்ந்து, ராஜாவைப் போல் இறங்கினான்.

அன்று மதியம் கிள்ளானில் தன் அறைக்குள் உட்கார்ந்து, தங்கையின் புருவ இடுக்கியால் அடைப்பான்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தான். கண்ணில் நீர் வந்தது. ஆனால் மனம் நிறைந்திருந்தது. நிச்சயதார்த்தத்துக்கு எந்த மண்டபம் என்று யோசிக்கத் தொடங்கியபோது தம்புசாமி போனில் வந்தார்.

"தம்பி, பாலா வேணாங்கிறாரு."

"என்ன அண்ணே சொல்றீங்க? ஏன்?"

"சைனஸ்னு சொல்றாரு."

"என் மூக்கு ஒரு சொட்டு ஒழுகலையே! எதிர்ல உக்காந்து பாத்துக்கிட்டேதானே இருந்தாரு?"

"அதத்தாம்பா அவரும் சொல்றாரு. 'அந்தக் குளிர்ல எனக்கு ஒழுகிச்சு, உனக்கு ஒழுகிச்சு, தெனமும் அங்கயே கெடக்குற கடைக்கார அக்காவுக்கே ஒழுகிச்சு. அவனுக்கு மட்டும் ஒழுகலன்னா, எவ்வளவு மருந்து சாப்பிட்டு வந்திருக்கணும், அந்த வியாதி எவ்வளவு முத்தியிருக்கணும்'னு கேக்குறாரு."