பொய்வட்டு நீக்கு படலம்

வாழி, விசைப்பலகை வில்லாளன். வாழி, தேநீர்க்கறை படிந்த மேசையையே தேராகக் கொண்டவன். ‘சுத்தம்’ என்று அலுவலகமே பட்டம் சூட்டிய சோதனைப் பொறியாளன். நேற்றைய கூட்டத்தில், யாரும் கேளாமலே எழுந்து, “என் சோதனை சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வெச்சிடும்” என்று முழங்கி அப்பட்டத்தை வென்ற பெருந்தகை அவன்.

கணினிக் கோப்பு ஒன்றுக்கு, தகவல் சேமிக்கும் வட்டு போல வேடமிட்டு, எல்லோருக்கும் பொதுவான கணினியில் இணைத்து, எழுதிப் படித்துப் பார்த்தபின் பிரித்துத் துடைப்பது அவன் சோதனையின் தொழில். துடைக்கும் கட்டளையைக் கடைசி வரியில் வைத்திருந்தான் மதியூகி. சோதனை நடுவழியிலேயே மாண்டது. கடைசி வரியை எட்ட அதற்கு ஆயுள் இல்லை. பொய்வட்டோ, விருந்து முடிந்தும் எழுந்திருக்காத சம்பந்தியைப் போல் கணினியில் வீற்றிருந்தது.

‘பிரி’ என்னும் கணையைத் தொடுத்தான். ‘பயன்பாட்டில் உள்ளது’ என்ற கேடயத்தில் பட்டு அது முறிந்தது. மீண்டும் தொடுத்தான், மீண்டும் முறிந்தது. சினத்தீ பறக்கும் விழியினனாய், உள்ளே பதுங்கிய பகைவன் எவனென்று ஆராயாமல், அக்கணினியில் ஓடிக்கொண்டிருந்த அப்பாவி நிரல்களில் கண்ணில் பட்ட சிலவற்றை வெட்டிச் சாய்த்தான்.

“ஏம்பா, பொதுக் கணினியில எழுதிட்டிருந்த அறிக்கை காணாமப் போயிடுச்சே?” என்றார் பக்கத்து மேசைக்காரர்.

“நெட்வொர்க் சரியில்ல சார்” என்றான் வாய்மை தவறா வள்ளல்.

எஞ்சியது ஒரே அஸ்திரம்: கணினியை அணைத்து எழுப்புவது. இன்று வெளியாக வேண்டிய மென்பொருளுக்காகத் தலைமைச் சோதனையாளர் அக்கா காலையிலிருந்து ஓட்டிவரும் சோதனை அதே கணினியில்தான் ஓடுகிறது. அணைத்தால் அது சாகும். இதை அவனும் அறிவான். ஆனால் அக்காவிடம் உதவி கேட்டால் பட்டம் போய்விடுமே. புகழா, பிறர் உழைப்பா என்று தராசில் நிறுத்து, புகழின் பக்கம் சாய்ந்து, விரலை உயர்த்தினான் வீரன்.

“கையை எடு தம்பி” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அக்கா.

“உள்ளே யாரோ இருக்காங்கக்கா. விடமாட்டேங்கிறாங்க.”

அக்கா திரையில் பின்னால் மறைந்திருந்த கறுப்புச் சன்னல் ஒன்றை முன்னே இழுத்தாள். சோதனை ஏன் செத்தது என்று பார்க்க அந்த வட்டுக்குள் அவனே திறந்துவைத்த சன்னல் அது. நுழைந்தவன் வெளியேறவே இல்லை.

“பாய்மேல உட்கார்ந்துக்கிட்டே பாயைச் சுருட்டுறியே. எந்திரி.”

திசைகள் அதிரவில்லை, முரசு முழங்கவில்லை, பகைவனும் வீரனும் ஒருவனேயாகிய அவ்வரும்போர், சன்னலொன்று மூடிய சிறு ஒலியில் முடிந்தது, பொய்வட்டும் பிரிந்தது, தன் சுத்தத்துக்குச் சேதமில்லையென நிமிர்ந்து, வெற்றித் தேநீர் அருந்த நடந்தான் வேந்தன்.

பக்கத்து மேசைக்காரர் அந்த அறிக்கையை மறுபடியும் முதலிலிருந்து தட்ட ஆரம்பித்தார்.