சுட்டுவிரலை மேலே வைக்க அனுமதி கோரி

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். என் வலது கைச் சுட்டுவிரல் ஒன்றுதான் சௌக்கியமில்லை, அது விஷயமாகவே இந்தக் கடிதம். தாங்களும் என் மகளும் நலமாக இருக்க வேண்டும், இருப்பீர்கள். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று தாங்கள் நினைக்கலாம். போனில் பேசினால் உங்கள் அத்தை பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "மாப்பிள்ளைகிட்ட இப்படியா பேசுறது?" என்று முழங்கையால் என் விலாவில் இடிக்கிறாள். இப்போது அவள் கடைக்குப் போயிருக்கிறாள். அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

ஆறு வாரத்துக்கு முன்னால் தாங்கள் வந்திருந்தபோது எங்கள் வில் கிளப்புக்கு அழைத்துப் போனேன், நினைவிருக்கும். நான் ஒன்பது வருடமாக நாணை ஒரே விதமாகத்தான் பிடித்து வந்தேன்: சுட்டுவிரல் அம்புக்கு மேலே, நடுவிரலும் மோதிரவிரலும் அம்புக்குக் கீழே. அந்தப் பிடியில்தான் கிளப் அணியில் நாலாம் நம்பராக இருந்தேன். அணியில் மொத்தமே நாலு பேர்தான் என்பது வேறு விஷயம். தாங்கள் கையில் தேநீர்க் கோப்பையோடு ஏழு நிமிடம் பார்த்தீர்கள். பிறகு, "மாமா, மூணு விரலையும் அம்புக்குக் கீழ வச்சுப் பாருங்களேன், தோளுக்கு நல்லது" என்றீர்கள். பிசியோதெரபி படித்தவர் சொல்கிறீர்கள், நான் என்ன சொல்ல முடியும்? பெஞ்சில் உட்கார்ந்திருந்த உங்கள் அத்தை, "அதான் மாப்பிள்ளை சொல்றார்ல, செய்ங்க" என்றாள். எங்கள் வீட்டில் தாங்கள் சொன்னால் சொன்னதுதான். போன வருடம் ஃபிரிட்ஜைச் சுவரிலிருந்து தள்ளி வைப்பது நல்லது என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போனீர்கள், அன்றிலிருந்து அது அடுக்களை நடுவில் நிற்கிறது, நான் பக்கவாட்டில் நுழைந்துதான் தண்ணீர் குடிக்கிறேன். ஆகவே அன்றைக்கும் குனிந்து பார்த்து மூன்று விரலையும் கீழே அடுக்கி வைத்து இழுத்து விட்டேன். அம்பு இலக்குக்குப் பத்தடி முன்னாலேயே தரையில் குத்தி நின்றது. "பழகிடும் மாமா" என்று சொல்லிவிட்டுத் தாங்கள் நாலு மணி ரயிலைப் பிடித்துவிட்டீர்கள். நான் எந்த ரயிலைப் பிடிப்பது?

தாங்கள் போனதும் கிளப்பில் உள்ள நிபுணர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். பல் டாக்டர் உங்கள் கட்சி. "மூணும் கீழ இருந்தா அம்பு கண்ணுக்குக் கிட்ட வந்துடும், அப்ப தாழத்தான் போகும், ரெண்டு ஜாண் மேல குறி வைங்க" என்றார். பூட்டு ரிப்பேர்காரர் பழைய கட்சி. ஆனாலும் ஒரு பொருளைக் கழற்றி மாட்டச் சந்தர்ப்பம் கிடைத்தால் விடமாட்டார். அம்பின் வால் உட்காருவதற்கு நாணில் ஒரு நூல் முடிச்சு இருக்குமே, "புதுப் பிடிக்கு முடிச்சு மேல இருக்கணும்" என்று அதை அவிழ்த்து அரை விரல் மேலே ஏற்றிக் கட்டினார். முடிச்சும் ஏறியாயிற்று, குறியும் ஏறியாயிற்று. அடுத்த அம்பு இலக்கைத் தாண்டி, அதற்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டையும் தாண்டி, கண்ணைவிட்டு மறைந்தது. எல்லோரும் அது போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் பக்கத்துச் சலவைக்கடை அம்மா ஒரு பெரிய படுக்கை விரிப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார், அதன் நடுவில் என் அம்பு தொங்கியது. நல்லவேளை, கொடியில் துணிகள் மட்டும்தான் இருந்தன. "எட்டு வருஷமா பக்கத்துல கடை வச்சிருக்கேன், ஒரு அம்பு இந்தப் பக்கம் வந்ததில்ல. யாரு புதுசா சேந்திருக்கிறது?" என்று கேட்டார். கேப்டன், "புதுசு இல்லம்மா, பழைய ஆளுதான். பிடிதான் புதுசு" என்றார். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, "இந்த வயசுல எதுக்குங்க?" என்றார். நான் விரிப்பிலிருந்து அம்பை உருவிக்கொண்டேன்.

அதோடு போயிற்றா? கேப்டன் தீயணைப்பு வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர், எதையும் அவசரமாகச் செய்வார். உடனே ஒரு துணைக்குழு போட்டுவிட்டார். துணைக்குழு மூன்று முறை கூடியது. பல் டாக்டர் விரலுக்குப் பதிலாக ஒரு பிளாஸ்டர் தாடையைக் கொண்டுவந்து, மேல் பல் கீழ்ப் பல் என்று விளக்கினார். பூட்டு ரிப்பேர்காரர் காற்றிலேயே வில்லைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, "உணரணும்ங்க, உணரணும்" என்றார். ரெண்டு கட்சியும் இப்போது தனித்தனி பெஞ்சில் உட்காருகிறது. நான் எந்தப் பெஞ்சிலும் உட்கார முடியாமல் நின்றுகொண்டே இருக்கிறேன், முழங்கால் வலிக்கிறது, அதற்கு ஏதாவது பயிற்சி இருந்தால் தயவுசெய்து சொல்லிவிட வேண்டாம்.

சரி, வீட்டிலாவது பழகலாமேன்னு ஒரு சைக்கிள் டியூபைக் குளியலறைக் கதவுக் கைப்பிடியில கட்டி, மூணு விரலைக் கீழ போட்டு இழுத்தேன் மாப்பிள்ளை. இருபது தடவை நல்லாத்தான் இருந்துச்சு. இருபத்தொண்ணாவது தடவை கைப்பிடி என் கையோட வந்துடுச்சு. உள்ளே உங்க அத்தை குளிச்சுக்கிட்டிருந்தா. நான் முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் பரிசோதகரா வேலை பார்த்தவன், நடுவுல மாட்டிக்கிட்ட எத்தனை பேரை வெளியே எடுத்திருக்கேன், சொந்தப் பெண்டாட்டியை ஒரு கதவுலேருந்து எடுக்க முடியல. தச்சர் வர்றதுக்கு நாப்பது நிமிஷம். உள்ளேயிருந்து அவ கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "மாப்பிள்ளை சொன்ன மாதிரிதானே இழுத்தீங்க?" "ஆமா." "அப்ப சரி." இவ்வளவுதான் மாப்பிள்ளை. நானா என் இஷ்டத்துக்கு இழுத்திருந்தா என்னை உண்டு இல்லைன்னு ஆக்கியிருப்பா!

இப்ப விஷயத்துக்கு வர்றேன். வர்ற ஞாயித்துக்கிழமை அணித் தேர்வு. ஆறு அம்பு. தபால்காரர் அஞ்சாம் நம்பரா ரெண்டு வருஷமா என் முதுகுக்குப் பின்னாடியே நிக்கிறார், இப்பல்லாம் என்னைப் பார்த்தா ரொம்ப அன்பா உடம்பைப் பத்தி விசாரிக்கிறார். கேப்டன் முகத்துக்கு நேராவே சொல்லிட்டார், ஒரு அம்பு மண்மேட்டைத் தாண்டினாலும் தபால்காரர்தான்னு. உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு, அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் எனக்கு அழுகை வந்துடுச்சு. ஒரு காலத்துல நான் கையெழுத்துப் போடாம இந்த ஊர்ல ஒரு லிஃப்ட் ஏறாது. ஓய்வு பெத்ததுக்கு அப்புறம் நான் எங்கேயாவது வரலைன்னா, 'எங்க அவரைக் காணோம்'னு கேக்கிறது அணியில இருக்கிற அந்த மூணு பேர்தான். போட்டிக்கு நாலு பேர் போற வண்டியில எனக்கு ஒரு இடம் இருக்கு, ஜன்னலோர இடம்கூட இல்ல. அதுவும் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?

ஆகவே தாங்கள் பெரிய மனது பண்ணி, உங்கள் அத்தைக்குப் போன் செய்து, "மாமா சுட்டுவிரலை மேலேயே வச்சுக்கட்டும்" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட வேண்டும். நான் கேட்டதாகத் தெரியக் கூடாது. தங்களுக்கே தோன்றியது போல இருக்கட்டும்.

தாங்களும் மகளும் நோய்நொடி இல்லாமல், பிறருடைய தோள்களைக் குணப்படுத்திக்கொண்டு, நீண்ட காலம் அங்கேயே சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்தும்,

தங்கள் மாமா

பின்குறிப்பு: தபால்தலை ஒட்டுவதற்குள் உங்கள் அத்தை கடிதத்தைப் படித்துவிட்டாள். தன் போனைக் கொண்டுவந்து காட்டினாள். மகளுக்கு அனுப்புவதற்காகப் தாங்கள் போன பிறகு பெஞ்சில் உட்கார்ந்தபடியே என்னைப் பதினொரு போட்டோ எடுத்து வைத்திருக்கிறாள். பதினொன்றிலும் என் சுட்டுவிரல் அம்புக்கு மேலேதான் இருக்கிறது. குனிந்து பார்த்துக் கீழே வைக்கிறேன், தலையைத் தூக்கி இலக்கைப் பார்ப்பதற்குள் அது தன் பாட்டுக்கு மேலே ஏறிவிடுகிறது. தங்கள் முறையில் நான் விட்டது அந்த முதல் அம்பு ஒன்றுதான். முடிச்சையும் குறியையும் ஏற்றிவிட்டுப் பழைய பிடியில் விட்டால் அம்பு சலவைக்கடைக்குப் போகாமல் எங்கே போகும்? ஆறு வாரம், மூன்று கூட்டம், ஒரு தாடை, யாரும் என் கையைப் பார்க்கவில்லை. "ஏன்டி சொல்லல?" என்று கேட்டேன். "சொன்ன பேச்சை நீங்க கேக்கலன்னு தெரிஞ்சா மாப்பிள்ளை மனசு சங்கடப்படாதா?" என்றாள்.

கடிதத்தை அனுப்பாமல் வைத்துவிட்டு, சனிக்கிழமை யாருக்கும் தெரியாமல் முடிச்சைக் கீழே இறக்கிக் கட்டினேன். ஞாயிற்றுக்கிழமை விரலை அதன் இஷ்டத்துக்கு மேலேயே விட்டு, நேராகக் குறி வைத்தேன். ஆறும் இலக்கில். பல் டாக்டர் என்னைக் கட்டிப்பிடித்து, "பாத்தீங்களா, மூணும் கீழ!" என்று கத்தினார். பூட்டு ரிப்பேர்காரர் அந்த இடத்திலேயே கட்சி மாறிவிட்டார். தபால்காரர் அப்போதே தங்கள் முறைக்கு மாறித் தன் ஆறு அம்பையும் தரையில் குத்தினார், ஆகவே என் நாலாம் இடத்துக்கு இப்போதைக்கு ஆபத்தில்லை. கிளப்பில் எல்லோரும் இனி மூன்று விரலையும் கீழேதான் வைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டாயிற்று. தாங்கள் நேரில் வந்து ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்று கேப்டன் கேட்கிறார். அவசியம் வாருங்கள். எல்லோரையும் போலத் தாங்களும் இலக்கை மட்டும் பார்த்தால் போதும்.