மூத்தவருக்கு முதலாம் இடம்

அந்த ஞாயிறு காலை தோட்ட அலுவலகக் கிளாக்கர் கிரகோரி வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: மூத்தவர் கிரகோரி, அவருடைய மனைவி மரியம்மா, தம்பி அமல்ராஜ், தங்கை ஏஞ்சலின், பக்கத்து வீட்டு முத்துவீரன். நடுவில், ஸ்டூலின் மேல், ஏஞ்சலினின் கைபேசி. யட்டியாந்தோட்டைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் ஒழுங்கு என்ற ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதற்கு இந்த ஐவரே சாட்சி.

வானொலியில் 'உடன்பிறப்பு ரொக்' என்றொரு நிகழ்ச்சி. அண்ணன், தம்பி, தங்கை சேர்ந்து தங்களுக்குப் பிடித்த ரொக் பாட்டுகளை வரிசைப்படுத்துவார்கள். முதலிடம் பெற்ற பாட்டு முழுதாக ஒலிக்கும். மற்றவற்றுக்குப் பெயர் மட்டும். ஏஞ்சலின்தான் மாதக்கணக்கில் செய்தி அனுப்பி இந்த வாய்ப்பைப் பிடித்தாள். அவளும் இரண்டு தோழிகளும் ரம்புக்கனையில் ஓர் அறைக்குள் கிதாரும் டிரம்மும் வைத்துப் பதிவு செய்த 'பால் வாளி' என்ற பாட்டை எந்த வானொலியும் சீண்டவில்லை. அன்றைக்கு அது ஒலிக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

வரிசையைக் குடும்பமே முடிவு செய்யலாம். குடும்பம் என்றால் கிரகோரி. அந்த வீட்டில் பிளேன்டீகூட வயது வரிசையில்தான் ஊற்றப்படும். கல்யாணப் பத்திரிகையிலும் மாதா திருவிழாவிலும் மூத்தவருக்குப் பின்னரே இளையவர். ரொக் சங்கீதம் மட்டும் விதிவிலக்கா? ஆகவே சனிக்கிழமையே அவர் 'ஆலோசனைக் கூட்டம்' கூட்டியிருந்தார்.

“அண்ணே, நம்பர் போடுறது பாட்டுக்கு. நமக்கு இல்ல,” என்றாள் ஏஞ்சலின்.

“பாட்டைச் சொல்றது ஆளுதானே? ஆளுக்கு வயசு இல்லையா?”

“உங்களுக்கு ஒரு ரொக் பாட்டாவது தெரியுமாண்ணே?” என்றான் அமல்ராஜ்.

“தெரியிறது வேற. முதலிடம் வேற.”

“என் பாட்டை ஒருக்கா கேட்டுப் பாருங்கண்ணே. மூணே நிமிஷம்.”

“மூணாவது பாட்டை மூணாவதா கேட்போம்.”

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. இருவர் எதிர்த்தார்கள்.

ஞாயிறு அழைப்பு வந்தது. பேசியவர் அறிவிப்பாளர் ஹிமாயா.

“வணக்கம் கிரகோரி அண்ணா! உங்க நம்பர் வன் என்ன?”

கிரகோரி எழுந்து நின்று, சட்டையின் மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டார்.

“முந்தி இருந்த துரை, பங்களாவுல போட்ட பாட்டுங்க.”

“அப்படியா! பாட்டோட பேரு?”

“துரைகிட்ட பேரு கேக்கிற அளவுக்கு எங்க குடும்பம் மரியாதை கெட்டதில்ல.”

“சரி... பாடினது யாரு?”

“வெள்ளக்காரன். சத்தம் வேலி வரைக்கும் வந்திச்சு. அதுக்கு அந்தப் பக்கம் நாங்க போறதில்ல.”

“அப்ப ஒரு வரி பாடிக் காட்டுங்களேன்.”

“பெரிய கங்காணி சவரிமுத்துவோட பேரன் நாலு பேரு முன்னுக்குப் பாடுறதில்லைங்க.”

பெயரைச் சொன்ன பிறகு வரலாற்றைச் சொல்லாமல் விடுவது முறையா? சொன்னார். தோட்டத்து ஆட்களை மேய்த்த தாத்தாவின் கோட்டு வந்தது, குடை வந்தது, மீசை வந்தது. இதே தோட்டத்தில் கடைசிவரை ரப்பர் பால் வெட்டி மூன்று பிள்ளைகளையும் வளர்த்த அம்மாவுக்கு மட்டும் நேரம் போதவில்லை.

“நம்ம பாட்டெல்லாம் வேணாம், தங்கச்சியோடத போடுங்க மிஸ்!” என்று அமல்ராஜ் கத்தினான்.

“தம்பி, முதலிடத்தைத்தான் போடலாம். அண்ணா வேணும்னா மாத்திச் சொல்லட்டும்.”

எல்லாரும் கிரகோரியைப் பார்த்தார்கள். ஏஞ்சலின் பார்த்த பார்வையில் முத்துவீரனே தலையைக் குனிந்துகொண்டார்.

“சொன்ன சொல்லை மாத்துற பரம்பரை இல்லைங்க நாங்க,” என்றார் கிரகோரி.

பெயரில்லாத பாட்டுக்குரிய நேரத்தில் சவர்க்கார விளம்பரம் போனது. ஏஞ்சலின் கைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

“முதலாவதா வந்தோமா இல்லையா?” என்று கேட்டார் கிரகோரி.

“வந்தீங்க கிளாக்கரய்யா. பாட்டுதான் வரல்ல,” என்றார் முத்துவீரன்.

இப்போது கடைவீதியில் ஒரு வதந்தி உலாவுகிறது. 'பால் வாளி' அம்மா ரப்பர் வெட்டியதைப் பற்றிய பாட்டாம். ஊருக்குத் தெரிந்தால் கங்காணி பரம்பரைக்கு இழுக்கு என்று வெட்கப்பட்டுத்தான் கிரகோரி அதைத் தடுத்தாராம். இது முழுப் பொய். பாட்டு அம்மாவைப் பற்றியதுதான். ஆனால் வெட்கப்படுவதற்காவது ஒருவர் அதைக் கேட்டிருக்க வேண்டும். கிரகோரி இன்றுவரை கேட்டதே இல்லை.