கனமான பேப்பர்

மறுபடியும் கிழவரின் தாடி பச்சையாகத்தான் வந்தது.

பிரிண்டரிலிருந்து படத்தை உருவிய மன்சூர், அதை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தான். பச்சை. வாசலுக்கு ஓடி வெயிலில் பிடித்தான். அங்கே தாடி லேசாகச் சிவந்திருந்தது. கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுப்பையும் வெள்ளையையும் தவிர மற்ற எல்லா நிறமும் தெரிந்தது.

"ஜீனத், இங்க வந்து பாரு. இது என்ன கலரு?"

அடுப்படியிலிருந்து வந்த அவன் மனைவி நிதானமாகப் பார்த்தாள்.

"தாடிக்கு மருதாணி போட்டிருக்காரு போல. அழகாத்தான இருக்கு?"

மன்சூருக்கு அழுகையே வந்துவிட்டது.

திண்டுக்கல் பேகம்பூரில் அவனைக் கல்யாண வீட்டு மன்சூர் என்றால்தான் தெரியும். மாப்பிள்ளைக்கு மாலையைச் சரிபண்ணிவிடுவதும், பெண் வீட்டாரைச் சிரிக்கச் சொல்லிக் கெஞ்சுவதும் பிழைப்பு. மனசு மட்டும் தோல் கிடங்குகளில் கிடந்தது. ஓய்ந்த நேரமெல்லாம் அங்கே போய், உப்புத் தோலைப் புரட்டுகிற இந்தத் தாடிக் கிழவரைப் போன்றவர்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துச் சேர்த்து வைத்திருந்தான். பார்க்கத்தான் ஆளில்லை. "மய்யித்து விழுந்த வீட்டுப் படம் மாதிரி இருக்கு" என்று போன இடத்திலெல்லாம் சொன்னார்கள்.

அப்படிப்பட்டவனுக்கு ஊருக்கு வெளியே இருக்கிற கல்லூரியிலிருந்து போன் வந்தது. நாகஜோதி என்ற பேராசிரியை பேசினார். கறுப்பு வெள்ளைப் புகைப்படத்துக்கென்றே ஒரு நாள் விழா நடத்துகிறார்களாம்.

"நீங்க எங்க காலேஜுக்கு மெயில்ல அனுப்பி வச்ச படமெல்லாம் அருமை சார். இனி பேப்பர்தான் பாக்கி. அதை நீங்களே பார்த்து முடிவு பண்ணிருங்க. கனமா இருக்கட்டும். போன வருசம் வந்தவர் பேப்பர் ரொம்ப லேசா இருந்துச்சு, பிள்ளைங்க சிரிச்சிருச்சுங்க."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் அவன் படங்களைக் கேட்டிருக்கிறார். இதில் சொதப்பினால் இனி எவரும் கேட்கப்போவதில்லை. கல்யாண வீட்டு மன்சூராகவே அவன் மண்ணுக்குள் போக வேண்டியதுதான். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

முதலில் கல்யாண ஆல்பத்துக்கு வைத்திருந்த பளபளப்புப் பேப்பரில் போட்டுப் பார்த்தான். கறுப்பு நல்ல கறுப்பாக வந்தது. ஆனால் எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் கிழவருக்குப் பதிலாக டியூப் லைட் தெரிந்தது. நகர்ந்து நின்றால் அவன் மூஞ்சியே தெரிந்தது.

எதற்கும் இருக்கட்டும் என்று போன் போட்டான்.

"மேடம், பேப்பர் கொஞ்சம் பளபளன்னு இருந்தாப் பரவாயில்லையா?"

"வெறும் பளபளப்பு வேண்டாம் சார். ஆழம் வேணும்."

ஆழம்! கறுப்பின் ஆழத்தைத்தான் சொல்கிறார் என்று மன்சூர் உருகிப்போனான். திண்டுக்கல்லில் இப்படிப் பேப்பரின் அருமை தெரிந்த ஒரு மனுஷி இருக்கிறார், இத்தனை நாள் தெரியாமல் போய்விட்டதே!

அடுத்து, பளபளப்பே இல்லாத மேட் பேப்பர் வாங்கினான். கறுப்பெல்லாம் சாம்பலாக வந்தது. கிடங்கின் இருட்டுக்கு யாரோ பவுடர் பூசிவிட்ட மாதிரி இருந்தது. இங்க் அளவை ஏற்றினான். பேப்பர் ஊறி அப்பளமாக நெளிந்தது.

"இதுக்கா இம்புட்டு விசனம்? நான் நிமித்தித் தாரேன்" என்று ஜீனத் இஸ்திரி போட்டாள். பேப்பர் நிமிர்ந்தது. கிழவர் நெஞ்சில் இஸ்திரிப்பெட்டியின் முக்கோணமும் சேர்ந்து பதிந்தது.

வேறு கம்பெனிப் பேப்பருக்கு மாறினான். அதில் வந்ததுதான் இந்தப் பச்சைத் தாடி.

விழாவுக்கு முந்தின நாள் ஜீனத்தின் தம்பி ஃபாரிஸ் வந்தான். தோல் வியாபாரி. பேப்பரை விரலிடுக்கில் வைத்து, தோலைத் தடவிப் பார்ப்பது போலத் தடவிப் பார்த்தான்.

"மச்சான், இது என்ன வெங்காயச் சருகு? சுத்தப் பஞ்சுல பண்ணுன பேப்பர் இருக்கு. கோயம்புத்தூர்ல சொல்லி எடுத்தாந்திருக்கேன் பாருங்க. அட்டை கணக்கா நிக்கும்."

"ஒரு சின்னாளப்பட்டி காட்டன் சேலை கேட்டு எத்தனை மாசமாச்சு?" என்றாள் ஜீனத். "பேப்பருக்கு மட்டும் காட்டன் கேக்குதா?"

மன்சூர் காதில் அது விழவில்லை. பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் வழவழப்பு.

"மாப்ளே, எந்தப் பக்கம்டா அச்சுப் போடணும்?"

"இதென்ன கேள்வி மச்சான்? வழவழன்னு இருக்கிறதுதான் மேல் பக்கம். சொரசொரன்னு இருந்தா சதைப் பக்கம். தோல்ல நாங்க அப்படித்தான் பார்ப்போம்."

தொழில் தெரிந்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மன்சூர் வழவழப்பில் அச்சடித்தான். கறுப்பு இங்க் மட்டும் ஓடும்படி மாற்றியிருந்ததால் பச்சை போய்விட்டது. கிழவரும் போய்விட்டார். முகமெல்லாம் இங்க் ஊறிப் பரவி, மழையில் நனைந்த சுவரொட்டி போல வந்தது. பிரிண்டர் கோளாறென்று நினைத்து அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்ததில் பாதிக் கட்டு காலி.

மன்சூர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். ஜீனத் கைகழுவிய ஈரத்தோடு வந்து ஒரு தாளை எடுத்தாள்.

"ஏங்க, சொரசொரப்புப் பக்கம் விரல்ல ஒட்டுது. மறுபக்கம் ஒட்டல. இங்க் பிடிக்கிற பூச்சு அந்தப் பக்கந்தான இருக்கும்?"

திருப்பிப் போட்டான். படம் மெல்ல வெளியே வந்தது. யா அல்லா! கிடங்கின் இருட்டு கிணறு மாதிரி இறங்கிக் கிடந்தது. தாடியில் ஒவ்வொரு முடியும் தனித்தனியாக வெளுத்து நின்றது. மன்சூர் ஜீனத்தின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

கடைசி இரண்டு படம் பாக்கி இருக்கும்போது கட்டு தீர்ந்தது. இனிக் கோயம்புத்தூருக்கு ஓடவும் நேரமில்லை. பேராசிரியைக்குச் செய்தி அனுப்பினான்: "மேடம், பேப்பர் முடிஞ்சிருச்சு."

பதிலுக்குக் கை தட்டும் பொம்மைகள் வரிசையாக வந்தன.

"நான் செத்துக்கிட்டிருக்கேன், இந்தம்மா கை தட்டுது" என்று மன்சூர் நொந்துபோனான்.

மறுநாள், வந்தவரை போதும் என்று படங்களைப் போர்வையில் சுற்றி, குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு கல்லூரிக்குப் போனான். அரங்கம் நிறைய மாணவர்கள். சுவரில் ஓர் ஆணிகூட இல்லை. எதிரே பெரிய திரையில் அவனுடைய கிழவர் ஆள் உயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நாகஜோதி ஓடி வந்தார்.

"வாங்க சார்! பேப்பர் எப்படி, கனமா வந்திருக்கா?"

"முந்நூறு ஜிஎஸ்எம் கனம் மேடம்! தூக்கிப் பாருங்க!"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "சாருக்கு நல்ல நகைச்சுவை! அப்படியே மேடைக்கு வந்துருங்க" என்று சொல்லிவிட்டு விருந்தினர்களைக் கவனிக்கப் போய்விட்டார்.

மேடையில்தான் மாட்டப்போகிறார்கள் என்று மன்சூர் படியேறினான். போர்வையைப் பிரித்து, முதல் படத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தான். மைக்செட்காரர் இஞ்ஞாசி வயரை இழுத்துக்கொண்டே வந்து, அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"படந்தான் திரையில ஓடுதே, இதை வேற எதுக்குச் சார் சுமந்துட்டு வந்தீங்க? ஒரு மணி நேரம் நீங்க வாசிக்கப் போற ஆராய்ச்சிக் கட்டுரைப் பேப்பரு எங்க?"