ஒன்பது நோட்டிலும் ஒரே அப்பா

"எனக்குத் தெரியாது" என்று சொல்ல நாக்கு வராத ஜென்மம் நான். பி.காம். முடித்த சூட்டில், கல்மண்டபம் ஏரியாவில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஒன்பது பேருக்கு வீட்டுப்பாடம் சொல்லித்தர உட்கார்ந்துவிட்டேன். ஒன்பதும் ஒரே பள்ளி, ஏழாம் வகுப்பு. கணக்கா, அறிவியலா, வரலாறா, எதுவானாலும் கொண்டா! (பாய்க்கு அடியில் கைடு இருந்தது வேறு விஷயம்.)

ஏதோ சமூக சேவை என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பள்ளியில் ஓர் ஆசிரியை வேலை காலியாக இருந்தது. பிள்ளைகளின் நோட்டைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றிருந்தார் தலைமை ஆசிரியை. நானோ வேலையே கிடைத்துவிட்டதாகச் சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் டமாரம் அடித்து வைத்திருந்தேன்.

என் முறை ரொம்பச் சுலபம். நான் பதில் சொல்வேன், அவர்கள் எழுதுவார்கள். ஒரு புள்ளிகூட மாறக் கூடாது. ஒளிச்சேர்க்கைக்கு ஒன்பது நோட்டிலும் ஒரே பதில், முழு மதிப்பெண். முக்கோணத்தின் பரப்பளவுக்கும் அப்படியே. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தமிழில் 'என் தந்தை' என்று கட்டுரை வந்தது. கைடில் இல்லை. பிள்ளைகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெரியாது என்று சொல்வேனா? எங்கப்பாவை மனதில் வைத்து மடமடவென்று சொன்னேன். என் தந்தையின் பெயர் அந்தோணி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். இடது காதில் மரு உண்டு. வஞ்சிர மீன் தலை என்றால் உயிரையே விடுவார்.

அவரவர் அப்பாவுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான்தான் மேதையாச்சே! வழக்கம்போல, புள்ளிகூட மாறக் கூடாது என்றேன். தங்கமான பிள்ளைகள், சொன்ன பேச்சைக் கேட்டார்கள்.

அடுத்த வாரம் பெற்றோர் கூட்டத்துக்கு என்னையும் வரச்சொன்னார் தலைமை ஆசிரியை. வேலைக்கு ஆர்டர் தரத்தான் என்று முடிவுகட்டி, அப்பா அம்மாவையும் கூட்டிப் போனேன். அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

தலைமை ஆசிரியை முதல் நோட்டை உரக்கப் படித்தார். அட, நம்ம பேரு என்பது போல அப்பா சிரித்தார். இரண்டாவது நோட்டிலும் அந்தோணி, கிரேன், மரு. மூன்றாவது நோட்டுக்கு அப்பா இடது காதைக் கையால் பொத்திக்கொண்டார். ஃபாத்திமா மட்டும் புத்திசாலி, பெயரை காதர் என்று மாற்றியிருந்தாள். மருவையும் வஞ்சிரத் தலையையும் விட மனசு வரவில்லை போலிருக்கிறது.

வந்திருந்த அம்மாக்கள் எல்லோரும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியாக, ரொம்ப மெதுவாக, என் அம்மா திரும்பினாள்.

"இன்னாய்யா இது?"

அப்பா எழுந்து தலைமை ஆசிரியையைப் பார்த்துக் கைகூப்பினார். "சத்தியமா எனக்கு ஒரே பொண்ணுதான் டீச்சர். அதோ, தலைய குனிஞ்சிகினு குந்திகினு கீதே, அதான்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. ஒளிச்சேர்க்கை எல்லோருக்கும் ஒன்றுதான், அப்பா அப்படியில்லைம்மா என்றார் தலைமை ஆசிரியை. வேலை போச்சு. அதைவிடக் கொடுமை, அங்கேயே பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தாள் கொடுத்தார். என் உதவி துளியும் இல்லாமல், அவரவர் அப்பாவைப் பற்றிப் பத்தே நிமிடத்தில் பிரமாதமாக எழுதித் தள்ளினார்கள். அது எனக்கு இன்றைக்கும் சுருக்கென்று குத்துகிறது.

இப்போது துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் ஓர் அலுவலகத்தில் படிவம் நிரப்புகிறேன். ஒரே பதிலை நூறு தடவை எழுதினாலும் யாரும் திட்டுவதில்லை. அப்பா பாடுதான் திண்டாட்டம். ஷிஃப்ட் முடிந்து வரக் கொஞ்சம் தாமதமானால் போதும், அம்மா வாசலிலேயே மறித்துக் கேட்கிறாள்:

"மத்த ஒம்போது வூட்லயும் துன்னாச்சா, இல்ல இங்கயும் சோறு போடணுமா?"