கிழிசல் இல்லாத வீடு

உதவும் சங்கத்துத் தலைவி ஜன்னல் திரையின் ஓரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. திரையை விட்டு மெத்தை உறையைத் தடவினார். அதையும் விட்டு, அந்த வீட்டுச் சின்ன மகளை அருகே இழுத்து அவள் கவுனின் கழுத்துப்பட்டியைப் புரட்டிப் பார்த்தார்.

"இதெல்லாம் நீங்களே தைச்சதா?"

"ஆமாம்மா," என்றாள் தையல்காரி. பின்னே திருடிக்கொண்டா வந்தேன் என்று கேட்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டாள். கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது, அடுப்படி டப்பாக்கள் எல்லாம் காலி. லிஃப்ட் மெக்கானிக்கான கணவன் கால் முறிந்து, மாவுக்கட்டை நாற்காலிமேல் நீட்டியபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தான். வருஷா வருஷம் பண்டிகைத் துணி தைக்கக் கொடுக்கும் கடைக்காரர், இந்த முறை ரெடிமேடை வாங்கி மாட்டிவிட்டுக் கையை விரித்துவிட்டார்.

தலைவி வீட்டை மறுபடி ஒருமுறை கண்ணால் அளந்தார். "சரி, வியாழக்கிழமை வர்றேன்."

படியிறங்கும் சத்தம் ஓய்ந்ததும் தையல்காரி பொரிந்து தள்ளினாள்.

"பேன் பாக்கிற மாதிரி கவுனைப் புரட்டிப் பாக்குறாங்க. ஏன், பட்டினி கிடக்கிறவ பிஞ்ச துணியிலதான் கிடக்கணுமா?"

அவள் கேட்டதில் என்ன தப்பு? ஏழைக்கென்று ஒரு சீருடை இருக்கிறது, அதை மாட்டிக்கொண்டு நின்றால்தான் கருணை சுரக்கும் என்றால், அது என்ன கருணையோ. ஆனால் நியாயம் பேசினால் டப்பா நிறையாது.

"கோபப்பட்டு என்ன பிரயோஜனம் அண்ணி?" என்றாள் பார்க்க வந்திருந்த நாத்தனார். "இந்த வீட்டைப் பாத்தா எனக்கே கைமாத்து கேக்கத் தோணுது. முதல்ல அந்தத் திரையைக் கழட்டுங்க."

கழற்றினாள். வெயில் உள்ளே பாய்ந்து, வீடு முன்னைவிட லட்சணமாகத் தெரிந்தது.

"இது சரிப்படாது. எல்லாத்தையும் அப்புறப்படுத்தணும்," என்று நாத்தனார் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

மெத்தை, மேஜை விரிப்பு, நாற்காலிகள், சுவர்க் கடிகாரம் எல்லாம் எதிர்வீட்டு நர்ஸ் வீட்டுக்குப் போயின. நாற்காலி போனதும் மாவுக்கட்டுக் காலை வைக்க இடமில்லை. கவிழ்த்த வாளியின்மேல் வைத்தார்கள். வாளி நழுவியது. மெக்கானிக் போட்ட சத்தத்தில் மாடிக்காரர்கள் இறங்கி வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள்.

வேலை முடிந்து வந்த நர்ஸ் வாசலிலேயே நின்றாள். "அக்கா, என் கட்டிலுக்குப் போக வழியில்ல. நான் எங்க படுக்கிறது?"

"வியாழக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோம்மா."

அடுத்து, பிள்ளைகளுக்குக் கிழிந்த துணி வேண்டும். அந்த வீட்டில் கிழிந்த துணிக்கு எங்கே போவது? தையல்காரி கண்ணை மூடிக்கொண்டு பெரியவளின் நல்ல கவுனில் கத்தரியை வைத்தாள். நாத்தனார் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புவதற்குள், கிழித்த இடத்துக்கு ஓரம் மடித்துத் தைத்து முடித்திருந்தாள்.

"அண்ணி, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"கை சும்மா இருக்க மாட்டேங்குதே, நான் என்ன பண்ணட்டும்?"

"அப்ப முதல்ல அந்த மிஷினைத் தூக்குங்க. அது இருந்தாலே சம்பாதிக்கிறவன்னு முடிவு கட்டிடுவாங்க."

"அதை மட்டும் விட்டுடுங்க," என்றான் மெக்கானிக்.

"நீ சும்மா இரு அண்ணே. பிள்ளைங்க பண்டிகையன்னைக்கி எதைச் சாப்பிடும்?"

இரண்டு பெண்களும் மூச்சு வாங்க மிஷினை இழுத்துப் போனார்கள். அது நர்ஸ் வீட்டு வாசலுக்கு மேல் நகர மறுத்தது. நர்ஸ் அதன்மேல் ஏறிக் குதித்துத்தான் வேலைக்குப் போய்வந்தாள். போகும்போதெல்லாம் வாய்க்குள் என்னவோ சொல்லிக்கொண்டே போனாள்.

வியாழக்கிழமை தலைவி வந்தார். தன் வாசலில் நின்ற மிஷின்மேல் ஒரு பழைய போர்வையை இழுத்துப் போட்டு நர்ஸ் மறைத்துவிட்டிருந்தாள். வெறும் தரையையும், மறுபடி கிழித்துவிட்ட கவுன்களையும், வாளிமேல் கிடந்த காலையும் பார்த்துத் தலைவி அப்படியே நின்றுவிட்டார்.

"தையல் மிஷின் எங்கம்மா?"

"வித்துச் சாப்பிட்டோம்மா," என்றாள் தையல்காரி. மிஷின் நின்ற வெற்று மூலையைப் பார்த்தபடியே சொன்னாள். நடிப்பே தேவைப்படவில்லை.

தலைவியின் முகம் வாடிவிட்டது. வாசலுக்குப் போய், அங்கே நின்ற தன் கார் டிரைவரிடம் ஏதோ மெல்லப் பேசினார். டிரைவர் மளிகைப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். தலைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று இறங்கிப் போனார். கீழே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"பாத்தியா?" என்று தையல்காரி நாத்தனாரிடம் சீறினாள். "மானத்தோட நின்னப்ப மனசு இளகல. எல்லாத்தையும் உரிச்சுக் காட்டினப்புறம்தான் பெட்டி வருது. நல்லா இருக்கட்டும் அவங்க தர்மம்."

மிஷினை மீட்க வெளியே வந்தவள், மாடிப்படித் திருப்பத்தில் டிரைவர் தான் ஏற்றிவைத்திருந்த பெரிய பெரிய மூட்டைகளைத் திரும்பக் கீழே இறக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

"அது என்னண்ணே மூட்டை?"

டிரைவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். "துணிம்மா. அன்னைக்கி உங்க தையலைப் பாத்ததுலேர்ந்து, சங்கத்துப் பிள்ளைங்க எல்லாருக்கும் பண்டிகை உடுப்பு நீங்கதான் தைக்கணும், இனி வருஷம் பூரா உங்களுக்குத்தான் வேலைன்னு அம்மா ஒத்தக்கால்ல நின்னாங்க. மிஷினை வித்தவங்ககிட்ட எப்படிக் குடுக்கிறதுன்னு இப்ப கடைக்காரர்கிட்ட ரெடிமேட் வாங்கக் கிளம்பிட்டாங்க."