ரெண்டே ரெண்டு ஸ்க்ரூதான்

லேப்டாப்பைத் திறக்கிறவர்கள் என்று மனிதர்களில் ஓர் இனம் உண்டு. மூடியைத் தூக்கி வேலை பார்க்கிறவர்களைச் சொல்லவில்லை. அதை எல்லோரும்தான் செய்கிறோம். கவிழ்த்துப் போட்டு, அடிவயிற்றைத் தடவிப் பார்த்து, ‘ம்ம்’ என்று ஒரு வைத்தியர் முனகல் முனகிவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுக்கிறவர்களைச் சொல்கிறேன். நன்றாக ஓடுகிற லேப்டாப் இவர்கள் கண்ணில் படாது. செத்திருக்க வேண்டும். குறைந்தபட்சம் இழுத்துக்கொண்டாவது கிடக்க வேண்டும்.

அந்த இனத்தின் கலப்படமில்லாத மாதிரி ஒருவர் இருக்கிறார். காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் பிரிவுத் தலைவர். அங்கே ஸ்டேப்ளரில் பின் தீர்ந்தால்கூட ஆளைக் கூப்பிட்டுத்தான் போடச் சொல்வார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினாரோ இல்லையோ, அடுத்து எதைக் கழற்றலாம் என்று கை பரபரக்கும். தெருவில் அவருக்குக் ‘கழற்றி’ என்று பெயர். அது அவருக்கும் தெரியும். ஏதோ பட்டம் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். ஒரு லேப்டாப்பின் திரை சமையலறைச் சுவரில் தொங்கிக்கொண்டு குடும்பப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டுகிறது. கல்யாணப் படம் மட்டும் ஏனோ தலைகீழாக வரும். இன்னொன்றின் விசிறி மேசைமேல் சுழல்கிறது. அதன் காற்று அவர் மீசை வரைக்கும் வந்து நின்றுவிடும். மூன்றாவதன் ஒலிபெருக்கிகள் குளியலறையில். "குளிக்கப் போனா எவனோ ஒருத்தன் செய்தி வாசிக்கிறான், எனக்குக் கூச்சமா இருக்கு" என்று மனைவி முறையிட்டபோது, "அவனுக்கு உன்னைத் தெரியாது, அது ஒருவழிப் பாதை" என்று தொழில்நுட்ப விளக்கம் கொடுத்தார்.

ஒவ்வொரு வேலை முடிந்ததும் பாயில் இரண்டு மூன்று ஸ்க்ரூ மிச்சம் கிடக்கும்.

"இதெல்லாம் எங்க இருந்து வந்துச்சு?" என்பார் மனைவி.

"ரெண்டே ரெண்டு ஸ்க்ரூதான். கம்பெனிக்காரன் எப்பவுமே கூடுதலாத்தான் போடுவான்."

கம்பெனிக்காரனின் இந்தத் தாராள மனசுக்குச் சாட்சியாக ஒரு பிஸ்கட் டப்பா நிறைய ஸ்க்ரூ இருக்கிறது. ஆட்டினால் மழை பெய்யும்.

போன மாதம் பக்கத்து வீட்டுக்காரர் தன் பழைய லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனார்.

"எங்க சார் தூக்கிட்டுப் போறீங்க?"

"எடைக்குப் போட்டுடலாம்னு…"

"எடைக்கா!" பெற்ற பிள்ளையை விற்கப் போகிறவனைப் பார்ப்பது போலப் பார்த்தார் கழற்றி. "மனசாட்சி இருக்கா சார் உங்களுக்கு?"

இருந்திருக்க வேண்டும். கொடுத்துவிட்டுப் போனார்.

அதிலிருந்து பிறந்ததுதான் பேசும் கண்ணாடி. கூடத்துச் சுவரில் ஆளுயரக் கண்ணாடி. அதன் பின்னால் பக்கத்து வீட்டு லேப்டாப்பின் திரையும் உள்ளுறுப்புகளும். மேலே கண்ணிமை போல ஒரு கேமரா. தலை சீவிக்கொண்டே மணி பார்க்கலாம், மழை வருமா என்று தெரிந்துகொள்ளலாம். மணிக்கு ஒருமுறை அவர் குரலிலேயே அது வாழ்த்தும்: "அழகா இருக்கீங்க! தண்ணி குடிச்சீங்களா?" முதல் நாள் மனைவிக்குச் சிரிப்பு வந்தது. "இருபத்தஞ்சு வருஷத்துல நேர்ல ஒரு தடவை சொன்னதில்லை. சுவத்துக்குள்ள போய் உக்காந்துதான் சொல்ல வருது" என்றார்.

ஒரே ஒரு குறை. கண்ணாடி மந்தமாக இருந்தது. ரேம் போதவில்லை. லேப்டாப்பின் வயிற்றில் விரல் நீளத்துக்கு ஒரு பச்சைப் பட்டை இருக்குமே, அதுதான். அது சரியாக உட்காராவிட்டால் எந்த லேப்டாப்பும் கண் விழிக்காது. மகளுடைய லேப்டாப்பில் அப்படி இரண்டு இருந்தன. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் தூங்கினாள். கழற்றி யோசித்தார். ரெண்டு இருக்கு, ஒண்ணு போதாதா?

இந்த இனத்தைத் தவிர வேறு யாருக்கும் இந்த யோசனை வராது என்பதைக் கவனியுங்கள். செத்ததைப் பிழைக்க வைக்க உயிரோடிருப்பதை அறுப்பது.

ஒன்றை உருவிக் கண்ணாடிக்குள் பொருத்தினார். இனிமேல் திறக்கவே வேண்டியதில்லை என்ற நிறைவில் பின்பலகையைச் சுற்றிலும் பசை போட்டு ஒட்டினார். மகளின் லேப்டாப்பை மூடும்போது கொஞ்சம் அவசரம்.

திங்கட்கிழமை காலை பத்தேமுக்காலுக்கு மகளுக்கு நேர்காணல். ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுது பார்த்துக் கொடுக்கிற நிறுவனம். இதற்கு முன் இரண்டு இடங்களில் ‘தகவல் சொல்கிறோம்’ என்று சொல்லிவிட்டுச் சொல்லாமலே இருந்துவிட்டார்கள். அவளுக்கு எல்லாம் தெரியும். நாலு பேர் பார்த்தால் வாய் ஒட்டிக்கொள்ளும். இந்த இடம் தவறினால் படித்த படிப்பை மூட்டை கட்டிவிட்டுக் கிடைத்த வேலைக்குப் போய்விடுவதாகச் சொல்லியிருந்தாள்.

பத்தரை மணிக்கு லேப்டாப்பை அழுத்தினாள். அது மூன்று முறை ‘கீ’ என்றது. திரை கறுப்பு.

"அப்பா."

அந்த ஒரு சொல்லில் எல்லாம் இருந்தது. கழற்றி ஓடி வந்தார்.

"ரெண்டே நிமிஷம் குட்டி…"

"என்னத்த எடுத்தீங்க?"

"ஒண்ணே ஒண்ணுதான். மிச்சம் இருக்கிறதைச் சரியா அழுத்தல போல…" கவிழ்த்து அழுத்தினார். ‘கீ, கீ, கீ.’ அது உட்காருகிற குழிகள் இரண்டையுமே நேற்று உடைத்திருக்கிறார்.

கைபேசியில் போகலாம்தான், ஆனால் வரைபடம் காட்டிக் கேள்வி கேட்போம், பெரிய திரை அவசியம் என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள். பக்கத்து வீட்டில் கேட்கலாம்தான். ஆனால் பக்கத்து வீட்டு லேப்டாப் நம் வீட்டுச் சுவரில் அல்லவா இருக்கிறது? அரை நாள் லீவு போட்டிருந்த மனைவி கண்ணாடியைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார். போதாதா?

அப்படியாக, அந்தப் பெண் இஸ்திரி போட்ட சட்டையுடன் கண்ணாடி முன்னால் போய் நின்றாள். கண்ணாடிக்குக் கீழே தொங்கிய விசைப்பலகையை மடியில் வைத்துக்கொண்டு, சம்மணமிட்டு, கேமராவுக்குப் படாதபடி தலையைத் தாழ்த்தித் தட்டினார் கழற்றி. திரைக்குப் போகிற வயர் லொடலொடத்தது. கையை எடுத்தால் படம் போய்விடும். பிடித்துக்கொண்டார்.

மூன்று முகங்கள் கண்ணாடிக்குள் வந்தன. அவற்றின் மேல் அவள் முகமும் மங்கலாகப் படிந்திருந்தது. நாலு பேராகச் சேர்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் வாய் ஒட்டிக்கொண்டது.

நடுவில் இருந்த அம்மாள் கேட்டார்: "ஒரு பழைய கருவி. உதிரி பாகம் இப்ப வர்றதில்லை. என்ன பண்ணுவீங்க?"

"தயாரிப்பாளருக்கு… முறைப்படி… தகவல் தெரிவிச்சு…" பாடப் புத்தகத்தின் பக்க எண் மட்டும்தான் அவள் சொல்லாதது. அந்த அம்மாள் எதையோ சின்னதாக எழுதிக்கொண்டார். கீழே உட்கார்ந்திருந்தவருக்கு அந்தப் பேனாச் சத்தம் கேட்டது. ‘தகவல் சொல்கிறோம்’ என்றுதான் எழுதியிருப்பார்.

அண்ணாந்தபோது கண்ணாடி மூலையில் மணி தெரிந்தது. பத்து ஐம்பத்தெட்டு.

ஐயையோ. பதினோரு மணி!

வயரை விட்டால் படம் போகும். விடாவிட்டால் வாழ்த்து வரும். சமையலறை வாசலில் நின்ற மனைவியிடம் கண்ணை உருட்டினார், கன்னத்தை உப்பினார், காதைக் காட்டினார். மனைவி பூனை நடை நடந்து வந்து ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினார்.

"அழகா இருக்கீங்க! தண்ணி குடிச்சீங்களா?" என்றது கண்ணாடி.

மூன்று பேரும் நிமிர்ந்தார்கள்.

"யாரும்மா அது?"

"எங்கப்பா மேடம்."

"பக்கத்துல இருக்காரா?"

"கண்ணாடிக்குள்ள இருக்கார் மேடம்." அவள் கீழே பார்த்தாள். "இங்கயும் இருக்கார்."

ஓரத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் எதுவோ கழன்றது. அவள் பேச ஆரம்பித்தாள். கண்ணாடிக்குள் என்ன இருக்கிறது, எந்த உறுப்பு எதிலிருந்து வந்தது, திரையை இயக்குகிற பலகை எங்கே கிடைத்தது, ஏன் இன்று நின்றுகொண்டு பேசுகிறாள் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். இதையெல்லாம் இவள் எப்போது பார்த்தாள்? கழற்றிக்குக் கழுத்து வலி மறந்துபோயிற்று.

"நீங்க முதல்ல கேட்டதுக்கு இப்ப சொல்றேன் மேடம். உதிரி கிடைக்கலைன்னா ஓடாத கருவியில இருந்து எடுக்கலாம். ஓடுறதுல இருந்து எடுக்கவே கூடாது. எங்கப்பா எடுத்தார். எடுத்தா எழுதி வைக்கணும், அவர் எழுதல. மூடினதும் ஓட்டிப் பாக்கணும், பாக்கல. எல்லாத்துக்கும் மேல, எதையும் ஒட்டக் கூடாது. ஸ்க்ரூதான் போடணும். திரும்பவும் திறக்க வேண்டியிருக்கும்னு தெரிஞ்சு மூடணும்."

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். "ஆஸ்பத்திரியில இதைத்தான் நாங்க பத்து வருஷமா தொண்டை கிழியச் சொல்லிட்டிருக்கோம். எப்ப வந்து சேர்றீங்க?"

பெற்ற மகள் ஊரறிய நாலு குற்றம் சாட்டி வேலை வாங்கினால் அப்பனுக்கு எப்படி இருக்கும்? கழற்றிக்கு இனித்தது, கொஞ்சம் உறைத்தது. கையிலிருந்த தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தார்.

சாயங்காலம் மகள் ஹேர் டிரையரால் பசையை இளக்கி, பின்பலகையைப் பெயர்த்து, தன் ரேமை வெளியே எடுத்தாள். குழி உடைந்த லேப்டாப்பைக் காட்டி, "இது இனிமே ஓடாதது. இதுல இருந்து எடுக்கலாம்" என்றாள். கண்ணாடிக்குள் எதை எதையோ மாற்றினாள், பலகையை ஸ்க்ரூ போட்டு மூடினாள், ஓட்டிப் பார்த்தாள். அப்பா கிட்டே வந்தபோது, "கை வைக்காதீங்க, டார்ச்சை மட்டும் பிடிங்க" என்றாள். பிடித்தார்.

பாயைப் பெருக்க வந்த மனைவி நின்றார். "இது என்ன மிச்சம் கிடக்கு?"

மகள் நிமிராமல் சொன்னாள்: "ரெண்டே ரெண்டு ஸ்க்ரூதாம்மா."

"போச்சு" என்றார் மனைவி, சுவரைப் பிடித்துக்கொண்டு. "ஒண்ணு இருந்தது, ரெண்டாச்சு."

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. அப்படியே எழுந்து போய் உங்கள் வீட்டு மேசையின் கடைசி இழுப்பறையைத் திறந்து பாருங்கள். எந்தப் பொருளுக்கு உரியது என்று உங்களுக்கே தெரியாத ஒரு சார்ஜர் சுருண்டு கிடக்கும். அதைத் தூக்கிக் குப்பைக்கூடைக்கு மேலே பிடியுங்கள். இப்போது விடுங்கள்.

விட முடியவில்லையா? பரவாயில்லை, எப்படியும் ஒருநாள் நீங்களும் கழற்ற ஆரம்பிப்பீர்கள். எதையும் ஒட்டாமல் ஆரம்பியுங்கள்.